மூடி

ரோடெல் விற்ற கேமரா இது.
எண்பதாயிரம் தடவை இமைத்த கண்,
அத்தனையும் கல்யாணங்கள்.
மூஸ் ஜா கடைவாசலில் பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"இதற்குச் சிரிக்கிற ஆட்களைத்தான் பழக்கம்."

ஸ்விஃப்ட் கரன்ட் முதியோர் இல்லத்தில் எனக்கு இரவு வேலை.
விடுப்பு நாளிலும் பத்து மணியானால்
உடம்பு சீருடை கேட்கும்.
தூங்காத ராத்திரியை வீட்டில் வைத்து என்ன செய்ய?
தெற்கே ஓட்டினேன்.
வால் மேரி தாண்டி,
தார் முடிந்து சரளை தொடங்கி
சரளைக்கும் அலுத்துப்போகிற இடம் வரை.

அக்டோபர். மைனஸ் நான்கு.
இந்தப் புல்வெளியில் காற்றுக்கு
முட்டிக்கொள்ள ஒரு மரம் கிடையாது.
என் முக்காலியைக் கண்டதும் அதற்குக் கொண்டாட்டம்.
நடுத்தண்டில் தோள்பையைத் தொங்கவிட்டேன்:
பிளாஸ்க், இரண்டு வாழைப்பழம், வேலைக்குப் போடும் ஷூ.
முக்காலி அடங்கியது.

ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் உறுமிப் பார்த்துக்
கைவிரித்தது.
லென்ஸில் முடிவிலி என்று கோடு போட்ட இடத்தில்
முடிவிலி இல்லை.
ஒரு மயிரிழை முன்னால் இருக்கிறது.
ரோகிணியைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி
வளையத்தைத் தொட்டும் தொடாமலும் திருப்ப,
ஊதியிருந்த சிவப்பு சுருங்கிச் சுருங்கி
ஊசிமுனையானது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அங்கேயே பிளாஸ்திரி ஒட்டினேன்.
ஊசி போட்ட கைகளுக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரி.

ஆறு வினாடி.
அதற்கு மேல் திறந்திருந்தால்
பூமி நகர்வது படத்தில் தெரிந்துவிடும்.
ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு. ஐம்பது படம்.
ரிமோட்டைத் தட்டிவிட்டுக் காருக்குள் போய்
விரல்களைத் தொடையிடுக்கில் புதைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பார்த்தால்
ஐம்பதும் கறுப்பு.

புழுதிக்குப் பயந்து நானே போட்ட மூடி
லென்ஸின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

திட்டினேன். தமிழில்.
சுற்றிலும் அறுபது மைலுக்கு
அதைப் புரிந்துகொள்ள ஆளில்லை.
தூரத்தில் ஒரு கொயோட்டி மட்டும் ஆமோதித்தது.

இரண்டாம் முறை, ஏழாவது படத்தில்
பள்ளத்திலிருந்து ஏறி வந்தது ஒரு பிக்கப்.
வானமெல்லாம் வெளுத்துப்போனது.
கண்ணாடியை இறக்கினார் தொப்பிக்காரர்.
"காட்டெருமையை இடித்துவிட்டாயா?"
"இல்லை. படம் எடுக்கிறேன்."
"எதை?"
மேலே காட்டினேன்.

முதலில் விளக்கை அணைத்தார்.
அப்புறம் எஞ்சினை.
கதவில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி
நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.
ஷட்டர் திறக்கும், மூடும். திறக்கும், மூடும்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.
போகும்போது வண்டியை
விளக்குப் போடாமலே உருட்டிக்கொண்டு போனார்,
வளைவு வரைக்கும்.

காலையில், பல் விளக்காமல், கணினி முன்னால்.
படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மென்பொருள்
என்னிடம் கேட்டது:
மூடி போட்டு எடுத்த படங்கள் இருக்கின்றனவா?
அதே குளிரில், அதே வினாடிக் கணக்கில்?

கேமராவும் இருட்டில் இல்லாததைப் பார்க்குமாம்.
தானாகக் கற்பனை செய்த சிவப்புப் பச்சைப் புள்ளிகள்.
அந்தப் பொய்களை முதலில் எண்ணி எடுத்தால்தான்
மிச்சத்தை நட்சத்திரம் என்று நம்பலாம்.

அழிக்க மறந்திருந்த ஐம்பது கறுப்பையும்
ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.

அறுமீன் என்றார்கள் முன்னோர்.
திரையில் விரல் வைத்து எண்ணினேன்.
பதினான்கு.
மூக்கு நுனி திரையில் பட்டபோது
பதினைந்தாவது இருப்பதுபோலவும் இருந்தது.

ஏழாவது படம் எதற்கும் ஆகாது என்றது மென்பொருள்.
தொப்பிக்காரர் வந்த வெளிச்சம் அது.
தனியாக வைத்திருக்கிறேன்.

ரோடெலுக்கு அனுப்பினேன்.
மதியம் பதில் வந்தது:
"குரூப் போட்டோ நன்றாக வந்திருக்கிறது.
இடது ஓரத்தில் ஒருத்தி கண்ணை மூடிவிட்டாள்.
மறுபடி எடு."